செங்கோடனின் ராசிக்கயிறு

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் செங்கோடனை நல்லவன் என்று சொல்லாத வாய் கிடையாது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். கூச்சம் என்று ஊர் அதையும் சேர்த்துப் பாராட்டியது.

சந்தை நாளில் அவன் மட்டக்குதிரையின் இடப்பக்கம் அதே ஊர்க் கண்ணாயியின் மிளகு மூட்டை தொங்கும். வலப்பக்கம் அவனுடையது. அவள் மூட்டை ஏறிய பிறகுதான் தன் மூட்டையைத் தொடுவான். கூலி கிடையாது. இப்படிப் பதினோரு வருஷம். மழையிலும் கொண்டுபோனான், காய்ச்சலிலும் கொண்டுபோனான். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூடச் சந்தை தப்பவில்லை.

"என்ற வாழைத்தாரு மூணு நாளாக் கெடந்து பழுக்குது. அடுத்தவிய மூட்டைக்கு மட்டும் குதிரைக்கு முதுகு இருக்குது" என்று அவன் மனைவி பாப்பாத்தி முனகுவாள். அவன் மூட்டைக் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்குவான். காரணம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். 1931ஆம் வருஷம் ஒரு குதிரைக்குட்டியின் உதட்டில் அவன் பார்த்த நான்கு மருக்கள்தான் அந்தக் காரணம்.

அப்போது கொல்லிமலைக்கு வண்டிப்பாதை இல்லை. மிளகோ வாழையோ எதுவானாலும் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோதான் காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். குட்டிக்குதிரையை முதல் தடவை இறக்குவது விளையாட்டுக் காரியமில்லை. இரண்டாம் வளைவில் பாறை செங்குத்தாகச் சரியும். அங்கே ஒருமுறை மிரண்ட குட்டி ஆயுசுக்கும் சுமை தூக்காது. அந்த முதல் இறக்கத்தைப் பழக்குவதுதான் செங்கோடனின் தொழில்.

அதற்கு அவனிடம் ஒரு கயிறு இருந்தது. கற்றாழை நாரில் அவன் அப்பன் திரித்து, அறப்பளீஸ்வரர் கோயில் வாசற்படியில் வைத்து எடுத்த முகக்கயிறு. அதை மூக்கைச் சுற்றிக் கட்டி இறக்கிய எந்தக் குட்டியும் சறுக்கியதில்லை. அதனால் ராசிக்கயிறு. ஊர்க்கவுண்டர் வீட்டுக் குட்டிக்கும் அதுதான், இல்லாதவர் குட்டிக்கும் அதுதான். நார் முரட்டு நார், குட்டிகளின் மூக்குத்தோல் லேசாக உரியும். அந்த ஈரமெல்லாம் கயிற்றில் ஊறி அது கறுத்துப் போயிருந்தது. கழுவக்கூடாது. கழுவினால் ராசி போய்விடும் என்பது பேச்சு.

அந்த ஆவணியில் ஊர்க்கவுண்டர் காளியண்ணன் கீழ்நாட்டுச் சந்தையில் ஒரு செவலைக் குட்டி வாங்கி வந்தார். நல்ல நாள் பார்த்து, தட்டில் சூடம் ஏற்றி நின்றார். செங்கோடன் கயிற்றைக் கட்டும்போது குட்டியின் மேலுதட்டைத் தூக்கினான். சாமைச் சோற்றுப் பருக்கை ஒட்டினதுபோல நான்கு மருக்கள். விரலால் அழுத்தினான். போகவில்லை.

"என்னடா பாக்கற?" என்றார் காளியண்ணன்.

"ஒண்ணுமில்லீங்க மாமா. பல்லுப் பாத்தேன்."

முதல் பொய் அது. சின்னப் பொய். நல்ல நாளில், நாலு பேர் நடுவில், கவுண்டர் குட்டிக்கு நோய் என்று எவன் சொல்வான்?

எட்டாம் நாள் கண்ணாயி தன் குட்டியைக் கொண்டுவந்தாள். அவள் புருஷன் மலைக்காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் குழந்தைகள், அரை ஏக்கர் மிளகுக்கொடி. குட்டி போட்ட மூன்றாம் நாளே தாய்க்குதிரை செத்ததால் ஆட்டுப்பாலும் கேழ்வரகுக் கூழும் ஊட்டி அவள் ஆளாக்கிய கறுப்புக் குட்டி அது. குட்டி சுமைக்குப் பழகிவிட்டால் அவள் தலைச்சுமை இறங்கும்.

அன்றைக்குச் செங்கோடன் உண்மையிலேயே தயங்கினான். வேறு கயிறு ஒன்று எடுக்கலாமா என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். கண்ணாயி அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, கவுண்டர் ஊட்டுக் குட்டிக்குக் கட்டுன அதே கயிறுதானுங்களே? இல்லாதவன்னு எனக்கு மட்டும் வேற எடுத்துறாதீங்க" என்று சிரித்தாள்.

அவன் அதே கயிற்றைக் கட்டினான். குட்டி சமத்து. இரண்டாம் வளைவில் ஒருமுறை மூச்சை இழுத்து நின்றது. பிறகு ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிவிட்டது.

கார்த்திகை பிறக்கும்போது கறுப்புக் குட்டியின் மூக்கும் உதடும் மருவால் மூடிக்கிடந்தன. கறுப்புத் தோலில் வெளுத்த மரு, பத்தடி தூரத்திலேயே தெரிந்தது. கயிறு கட்டிய இன்னும் இரண்டு குட்டிகளுக்கும் வந்திருந்தது. காளியண்ணனின் செவலைக்குக் கொஞ்சம்தான், அதையும் அவர் விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவித் தொழுவத்துக்குள் கட்டிவைத்தார். கண்ணாயி தன் கொடியிலே பறித்த மிளகோடு உப்பையும் முடிந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு நடந்தாள். உப்புக் கரைய மருவும் கரையும் என்று வேண்டிக்கொண்டு கொட்டிவிட்டு வந்தாள். உப்புதான் கரைந்தது.

அடிவாரத்து வியாபாரிகள் மலைக்குதிரைகளுக்குக் குஷ்டம் என்று பேச ஆரம்பித்தார்கள். மூட்டையைத் தொட மறுத்தார்கள். அந்த வாரமே ஊர் கூடியது.

"செங்கோடா, குதிரை தெரிஞ்சவன் நீதான். இந்த எழவு எந்தக் குட்டில ஆரம்பிச்சுது?" என்று கேட்டார் காளியண்ணன்.

நாற்பது பேர் அவன் வாயைப் பார்த்தார்கள். ஒரு ஓரத்தில் கண்ணாயியும் பார்த்தாள். கயிற்றின் பெயரைச் சொன்னால் அவன் பிழைப்பு அன்றோடு சரி. செவலையின் பெயரைச் சொன்னால் கவுண்டரின் பகை.

"எனக்குத் தெரிஞ்சு இந்தக் கறுப்புக் குட்டிலதானுங்க மாமா மொதல்ல பாத்தேன்."

இது சின்னப் பொய் இல்லை என்பது சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்தது. குட்டி மலையில் இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. மறுநாள் கண்ணாயியே அதைக் கீழே இறக்கி, நாமக்கல் குதிரைவண்டிக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டு வந்தாள். திரும்பி வரும் வழியில் செங்கோடன் எதிர்ப்பட்டான்.

"நீங்க பழக்குன குட்டியாச்சுங்களேண்ணா. ஒரு எடத்துலயும் காலு நடுங்கல" என்றாள்.

பங்குனியில் ஒரு வேலையாக நாமக்கல் போனவன் அந்த வண்டிக்காரர் அர்த்தனாரியின் கொட்டடியைத் தேடிப் போனான். ஏன் போனான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. கறுப்புக் குட்டி கொள்ளுத் தின்றுகொண்டிருந்தது. மூக்கு வழவழவென்று இருந்தது. ஒரு தழும்புகூட இல்லை.

"என்ன மருந்துங்க போட்டீங்க?"

அர்த்தனாரி சிரித்தார். "மருந்தா? குழந்தைக்குப் பல்லு விழுவறாப்பல அது தானா உதிர்ந்திரும். மூணு மாசம், நாலு மாசம். சின்னக் குட்டிகளுக்குத்தான் வரும். வந்து போனதுக்கு மறுக்கா வர்றது அபூர்வம். ஒரு குட்டி மூஞ்சில கட்டுன கயித்த இன்னொண்ணுக்குக் கட்டாம இருந்தாப் போதும். இதுகூடத் தெரியாமயா மலையில குதிரை வெச்சிருக்கறீங்க?"

மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் செங்கோடன் வார்த்தைகளைத் தயார் செய்தான். மாற்றிப் போட்டான். மறுபடி அடுக்கினான். மேலே வந்ததும் நேராகக் கண்ணாயி வீட்டுக்குத்தான் போனான். சந்தைக்குத் தலைச்சுமையாக எடுத்துப்போக அவள் மிளகு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாய் திறக்குமுன் அவளே பேசினாள்.

"என்ற குட்டியால உங்க தொழிலுக்கும் கெட்ட பேருங்கண்ணா. ஆரும் இப்பக் குட்டி கொண்டாரதில்லையாமா. மனசுல வெச்சுக்காதீங்க."

அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அடுக்கி வைத்த வார்த்தைகளை விட்டுவிட்டு அவன் குனிந்து மூட்டையைத் தூக்கினான். "குடு. நாளைக்கு நான் கொண்டுபோறேன்" என்றான். அதற்குப் பிறகு வந்த எல்லாச் சந்தையும் அப்படித்தான்.

மருக்கள் எல்லாக் குட்டிகளுக்கும் உதிர்ந்தன. கறுப்புக் குட்டி போனதால்தான் உதிர்ந்தது என்று ஊர் நம்பியது. செங்கோடனிடம் மறுபடியும் குட்டிகள் வந்தன. ஒவ்வொரு குட்டியை இறக்கிய பிறகும் அவன் ஓடைப்பக்கம் போய், சாம்பல் தண்ணீரில் கயிற்றை வேகவைத்துக் காயவைத்தான். பார்த்தவர் கேட்டால் கஞ்சி காய்ச்சுவதாகச் சொன்னான். பத்து வருஷம் மலையில் ஒரு மரு இல்லை. எவனுக்காவது கைவிரலில் மரு வந்தால், "கண்ணாயி ஊட்டுப் பக்கம் போனயா?" என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட நாளில் செங்கோடனுக்குச் சோறு இறங்காது.

1942இல் கண்ணாயிக்கு மறுபடி ஒரு குட்டி வந்தது. குண்டூர் நாட்டில் கட்டிக்கொடுத்த மூத்த மகளின் மாமியார் வீட்டில் கொடுத்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஊர்க்குட்டிகளோடு விடாமல் வேலிக்குள்ளேயே வைத்து வளர்த்தாள். அந்த ஆவணியில் காளியண்ணனும் மறுபடி சந்தையில் ஒரு குட்டி வாங்கினார். ஒரே முகூர்த்தத்தில் அதற்கும் சின்னுசாமி என்பவன் குட்டிக்கும் கயிறு கட்டச் சொன்னார்கள். இடையில் வேகவைக்க நேரமில்லை. நேரமில்லை என்று செங்கோடன் தனக்குச் சொல்லிக்கொண்டான். காளியண்ணன் குட்டியின் உதட்டை அவன் இந்தமுறை தூக்கிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சொல்ல வேண்டியிருக்கும்.

கார்த்திகையில் இரண்டுக்கும் மரு. ஊர் கூடியது.

"கண்ணாயி ஊட்டு மண்ணுதான் காரணம். அந்த ஊட்டுக்குக் குதிரை வந்தாலே வருது" என்றான் சின்னுசாமி.

"என்ற குட்டிக்கு ஒண்ணுமில்லீங்க. வந்து பாருங்க" என்றாள் கண்ணாயி. அவள் குரல் இந்தமுறை சிரிக்கவில்லை.

"இன்னிக்கு இல்லீன்னா நாளைக்கு வரும்" என்றார் காளியண்ணன். "போன தடவையாட்டமே கீழ அனுப்பிரு. வேற வழியில்ல."

செங்கோடன் எழுந்தான். இடுப்பில் சுற்றியிருந்த ராசிக்கயிற்றை அவிழ்த்து நடுவில் போட்டான்.

"கயித்துலதானுங்க வந்துது. அன்னிக்கும் இதுதான், இன்னிக்கும் இதுதான். அன்னிக்கு மொதல்ல உங்க செவலைக் குட்டிக்குத்தான் மாமா இருந்துது. நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டுக் கண்ணாயி குட்டிக்குக் கட்டுனேன். சபையில பொய் சொன்னேன்."

கூட்டம் கயிற்றைப் பார்த்தது. பிறகு காளியண்ணன் தலையை ஆட்டினார். கோபமே இல்லை.

"பாத்துக்கங்கடா, மனுசன்னா இவன். பதினோரு வருசம் அந்தப் புள்ள மூட்டையச் சுமந்தான். இப்பப் பழியயும் சுமக்க வாரான்."

கூட்டம் ஆமோதித்தது. ஒரு கிழவர் வந்து அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். செய்த பிராயச்சித்தமே குறுக்கே வந்து நிற்கிறது என்று செங்கோடனுக்கு அப்போதுதான் உறைத்தது. மூட்டையைச் சுமந்திருக்காவிட்டால் இவர்கள் நம்பியிருப்பார்கள். கண்ணாயி மட்டும் தலையாட்டவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சபையை விட்டு வெளியே போனான். ஊருக்கு வெளியே காட்டுக்கொட்டாயில் தனியாக வளர்த்த தன் ஒரு வயசுக் குட்டியைப் பிடித்துவந்தான். காளியண்ணன் குட்டியின் மருமூக்கில் கயிற்றை நன்றாகத் தேய்த்தான். எல்லோரும் பார்க்கத் தன் குட்டிக்கு அதைக் கட்டினான்.

"தை முடியறவரைக்கும் கண்ணாயி குட்டி அவ வேலிக்குள்ளயே இருக்கட்டும். என்ற குட்டி காட்டுக்கொட்டாயிலயே இருக்கட்டும். எதுக்கு வருதுன்னு நீங்களே வந்து பாருங்க."

"உனக்கென்னடா பைத்தியமா? குட்டி கெட்டுப்போவும்" என்றார் காளியண்ணன்.

"கெடாதுங்க. தானா உதிர்ந்திரும். அதும் எனக்குப் பதினோரு வருசமாத் தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் கண்ணாயி எழுந்து போய்விட்டாள்.

தை கடைசி வாரத்தில் ஊரே காட்டுக்கொட்டாய்க்கு நடந்தது. செங்கோடன் குட்டியின் உதட்டைத் தூக்கிக் காட்டினான். சாமைப் பருக்கைகள். எண்ணத் தேவையில்லாத அளவுக்கு இருந்தன. அங்கிருந்து கண்ணாயி வேலிக்குப் போனார்கள். வெள்ளைச்சுட்டிக் குட்டியின் மூக்கு ஈரமாக, சுத்தமாக இருந்தது. காளியண்ணன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு செங்கோடனை யாரும் நல்லவன் என்று சொல்லவில்லை. குட்டி கொண்டுவரவும் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாயி காட்டுக்கொட்டாய்க்கு வந்தாள். அவன் குட்டியின் உதட்டைத் தானே தூக்கிப் பார்த்தாள். மெதுவாக விட்டாள்.

"அன்னிக்கு அந்த வண்டிக்காரர் கையில குடுத்துட்டு வாரப்ப, அது நாலு தடவ திரும்பிப் பாத்துதுங்க" என்றாள். அவ்வளவுதான். அண்ணா என்ற சொல் அதில் இல்லை.

அடுத்த சந்தைக்கு விடியலில் செங்கோடன் வழக்கம்போல மலை விளிம்பில் குதிரையோடு நின்றான். தன் மூட்டையை இன்னும் ஏற்றாமல் காலடியில் வைத்திருந்தான். கண்ணாயி வெள்ளைச்சுட்டிக் குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதன் முகத்தில் பழைய சேலைக் கிழிசலில் திரித்த புதுக்கயிறு. குட்டிக்குத் தாங்குமளவுக்கு முதுகில் ஒரு சின்ன மிளகுப் பொதி, மீதி அவள் தலையில். அவனைத் தாண்டி நடந்தாள்.

அவன் விளிம்பிலேயே நின்று பார்த்தான். இரண்டாம் வளைவில் குட்டி நின்றது. என்ன செய்ய வேண்டுமென்று அவனுக்குத் தெரியும். முன்னே வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவள் நாக்கைச் சப்புக்கொட்டிக் கூப்பிட்டாள். குட்டி ஒவ்வொரு காலாக வைத்து இறங்கியது.

அவள் கண்ணுக்கு மறைந்த பிறகு அவன் தன் குதிரையைப் பார்த்தான். ஒரு பக்கப் பாரத்தோடு அது இறங்காது, சாய்ந்துவிடும். ஓரத்தில் கிடந்த பாறைக்கல் ஒன்றைத் தூக்கிச் சாக்கில் போட்டு, கண்ணாயியின் மிளகு மூட்டை தொங்கிய இடப்பக்கத்தில் கட்டிவிட்டு, வலப்பக்கம் தன் மூட்டையை ஏற்றினான். பிறகு இறங்க ஆரம்பித்தான்.