விளக்கு வைத்த வண்டி

"உனக்குப் படிப்புண்டு, சரி. ஆனா தினமும் பேட்டரிய ஓர்மை வச்சுப் பாக்க உன்னால ஆகுமா?" என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வண்டிச் சாவியை என் மைனியின் கையில் கொடுத்தார்.

மைனி என் அண்ணனின் மனைவி. எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பள்ளிக்கூடத்தின் பக்கமே போனதில்லை. நான் இன்டர்மீடியட்டில் பௌதிகம் எடுத்துத் தேறியவள். எங்கள் குடும்பத்தில் ஆணிலும் பெண்ணிலும் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று படம் போட்டு விளக்க எனக்குத் தெரியும். சாவி மட்டும் மைனியின் இடுப்பில் தொங்கியது.

அது வெறும் வண்டியல்ல. யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்து லாரியை வாங்கி, அதன்மேல் மரத்தால் ஓர் அறை கட்டியிருந்தார் டாக்டரம்மா. உள்ளே படுக்கப் பலகை, ஸ்டவ், மருந்து அலமாரி, தண்ணீர்த் தொட்டி, கூரையில் ஒரு சின்ன பல்பு. வித்துராவுக்கும் அதற்கு மேலுள்ள தோட்டங்களுக்கும் போனால் வாரக்கணக்கில் அதிலேயே தங்கி வைத்தியம் பார்ப்பார். அப்பாதான் டிரைவர். மேல்படிப்புக்காக டாக்டரம்மா சீமைக்குக் கிளம்பியபோது வண்டியை ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போனார். அப்பா நாகர்கோவில் பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார்.

"சும்மா கிடந்தா பேட்டரி செத்துப்போகும். நான் வரும்வரை உயிரோட இருக்கணும்" என்று டாக்டரம்மா மைனியிடம் சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, திரும்பி வந்ததும் மலையில் நடத்தும் வைத்திய முகாம்களுக்கு உதவியாக ஒரு பெண்ணைக் கூட்டிப்போக நினைப்பதாகவும் சொன்னார். ஒரு பெண்ணை. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷமே மனத்தில் முடிவு செய்துவிட்டேன்.

அன்றைக்கு அந்தியில் மைனி வீட்டு விளக்கை ஏற்றினாள். கால் கழுவிக்கொண்டு ஷெட்டுக்குப் போய் வண்டிக்குள் ஏறி சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டாள். படுக்கப் போகும்போதுதான் அணைத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"இது எதுக்கு மைனி?" என்று கேட்டேன்.

"படுக்கையும் அடுப்பும் உள்ள இடம் வீடுதானே. அந்தி நேரத்துல வீட்ட இருட்டாப் போடலாமா? உயிரோட இருக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா?"

"பேட்டரி கரண்டை உண்டாக்காது மைனி. பானையில தண்ணி நிறைச்சு வச்ச மாதிரி. நிறைக்காம கோரிக்கிட்டே இருந்தா தீர்ந்துபோகும்."

"பானைத் தண்ணிய கோராம வச்சா புழு வைக்கும்ட்டி. அதை உங்க காலேஜ்ல சொல்லித்தரலியா?"

எங்கள் அம்மை வாய்விட்டுச் சிரித்தாள். தெருப் பெண்கள் சிலர் அந்தியில் வந்து ஷெட்டை எட்டிப் பார்த்தார்கள். "வண்டிக்கும் விளக்கு வைக்கியாளே, மகாலச்சுமில்லா வந்திருக்கா உங்க வீட்டுக்கு" என்று அம்மையிடம் சொன்னார்கள். நான் தேறிய அன்று இவர்களில் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.

மைனி நடக்கும்போது சாவி வளையலில் பட்டுக் கிலுங்கும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வாசிப்பு ஓடாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஷெட் வாசலில் போய் உட்கார்ந்து பல்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளையாக எரிந்தது மஞ்சளானது. மஞ்சள் சிவப்பானது. சிவந்தபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன். கார்த்திகை விளக்கு மாதிரி இப்போதுதான் அழகாக இருக்கிறது என்றாள் மைனி.

மழை விட்டதும் அப்பா லீவில் வந்தார். ஷெட் கூரை ஒழுகியதால் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தப் பார்த்தார். எஞ்சின் ஒரு தடவை முனகிவிட்டு அடங்கிப்போனது.

"பேட்டரி மண்டையப் போட்டாச்சு" என்றார் அப்பா.

"மழை ஈரமாட்டு இருக்கும்" என்றாள் அம்மை.

"ஈரமில்ல. விளக்கு" என்றேன்.

மைனியின் முகம் வாடிப்போனது. "அப்போ நான்தான் கொன்னேனா?"

அப்பா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். தகடுகளில் வெள்ளை பூக்கத் தொடங்கியிருந்தது. உடனே சார்ஜ் போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றார். அப்பாவும் மைனியும் நானுமாகக் கைவண்டியில் வைத்துச் சாலைக் கடைத்தெருவுக்குக் கொண்டு போனோம். இனி என்ன செய்ய வேண்டும் என்று வழியெல்லாம் நான் அடுக்கினேன்: வயர்களைக் கழற்றிவிட வேண்டும், பேட்டரியை உலர்ந்த இடத்தில் பலகைமேல் வைக்க வேண்டும், தகடு முங்கும்படி காய்ச்சி வடித்த வடிநீர் விட வேண்டும், மாதாமாதம் சார்ஜ் போட வேண்டும். அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். சாவி என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மைனியிடம், "கேட்டுக்கிட்டியாம்மா? இவ சொல்றபடி நீ செய்" என்றார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மைனி செய்தாள். ஒரு மாதமும் மறக்கவில்லை, ஒரு துளி வடிநீரையும் சிந்தவில்லை. சார்ஜ் அளக்கும் மீட்டர்க் குழாயில் மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எண் தெரியாமலே நினைவில் வைத்துக்கொண்டாள். சார்ஜ் கடைக்காரர் என்னிடமே, "அக்கன் நல்லா நோக்குது கேட்டோ" என்று மைனியைப் பாராட்டினார். சொல்லிக்கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மைனியும் சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்வேன்?

டாக்டரம்மா வரும் மாதம் தெரிந்ததுமே, முகாமுக்குப் போட்டுக்கொள்ள என்று அம்மை மைனிக்கு இரண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் இல்லை. பஸ் வேலையை விட்டு இனி வர முடியாது, டாக்டரம்மா வேறு டிரைவர் பார்க்கட்டும் என்று அப்பா அந்த வாரம்தான் சொன்னார்.

"எனக்கு ஓட்டப் படிப்பிச்சுத் தாங்கப்பா" என்றேன்.

"பொம்பளப்பிள்ளை லாரி ஓட்டுவாளாட்டி?"

"வாங்கினது பொம்பளதானே."

ஓடினால் பேட்டரிக்கும் நல்லதுதான் என்று அப்பா தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அவர் லீவில் வரும்போதெல்லாம் விடியற்காலையில் சங்குமுகம் சாலையில் ஓட்டினேன். மைனி பின்னால் பலகையில் உட்கார்ந்து, பேட்டரி ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவாள். நான் கியர் மாற்றும்போது வண்டி குலுங்கினால், "மெதுவாட்டி, உள்ள மருந்துக் குப்பி இருக்கு" என்பாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

போன வாரம் ஆபீசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். லைசென்ஸ் கிடைத்துவிட்டது. வீட்டில் யாரிடமும் கேட்காமல் டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன்: நீங்கள் வந்து இறங்கும் தம்பானூர் ரயில் ஸ்டேஷனுக்கு வண்டி வரும், ஓட்டி வருவது நான்.