இரண்டு கப் கேமமைல்

எனக்குக் கொஞ்சம் முரட்டுப் பிடிவாதம். எங்கள் ஊர் புக்கிட் பெருந்துங் வெயிலில் கேமமைல் என்ற சீமைச் சாமந்தி வளராது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதாலேயே விதை வாங்கினேன். தூசி மாதிரி விதை. மண் போட்டு மூடினால் முளைக்காது, வெளிச்சம் படவேண்டும். முதலில் போட்டவையெல்லாம் கருகிப்போயின. அடுத்த முறை பத்துச் சட்டிகளை வீட்டுப் பின்பக்கம், காலை வெயில் மட்டும் விழும் இடத்தில் வைத்து, மேலே கறுப்பு வலை கட்டினேன். பூத்தது. வெள்ளை இதழ் கீழே மடியும்போது பறித்து முறத்தில் நிழலில் உலர்த்துவேன். ஆப்பிள் வாசம் வரும்.

எல்லாம் என் வீட்டுக்காரருக்காகத்தான். எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். நெஞ்சில் உலோக வால்வு வைத்த நாளிலிருந்து தூக்கமில்லை. தூக்கத்துக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் அந்தக் காலத்திலிருந்தே வெள்ளைக்காரர்கள் இதைத்தான் குடிப்பார்கள் என்று படித்திருந்தேன். உலர்ந்த பூவில் டீ போட்டு, மத்தியானம் ஒரு கப், சாயந்திரம் ஒரு கப், நல்ல கெட்டியாக. காலையில் கேட்டால், “நல்லாத் தூங்கினேன்” என்பார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒரு முறை கிளினிக்கில் ரத்தம் பார்ப்பார்கள். அந்த மாதம் டாக்டர் பெண் தாளைப் பார்த்ததும் முகம் மாறினாள். நம் இனத்துப் பிள்ளைதான், தமிழிலேயே கேட்டாள்.

“ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்குன்னு காட்டற நம்பர் மூணுகிட்ட இருக்கணும் அங்கிள். ஆறைத் தாண்டிருச்சு. ஈறுல ரத்தம் வருதா?”

“பல்லு வெளக்கறப்போ கொஞ்சம் வரும் லா.”

என்னிடம் சொல்லவே இல்லை, மனுஷன். அவள் அவர் சட்டைக் கையைத் தூக்கினாள். முழங்கைக்கு மேல் நீலம் பாரித்திருந்தது. முந்தின நாள் வலை அவிழ்ந்ததென்று ஏணியில் ஏறியபோது இடித்துக்கொண்டதாம்.

“விழுந்து தலையில அடிபட்டிருந்தா, உள்ள கசியற ரத்தம் நிக்காது” என்றாள்.

“ஜாமு கஷாயம், மூலிகை ஏதாச்சும் குடிக்கிறீங்களா?”

“ஒண்ணும் இல்ல” என்றார் பட்டென்று. என் பக்கம் திரும்பவில்லை.

நானும் வாயை மூடிக்கொள்ளத்தான் பார்த்தேன். வெட்கக்கேடு. வீட்டுக்குப் போய்ச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? அதற்குள் அவள் மாத்திரையைக் குறைத்து எழுத ஆரம்பித்தாள்.

“குறைச்சா ஒண்ணும் ஆகாதா?” என்றேன்.

“அளவு தப்பினா வால்வுல ரத்தம் கட்டிக்கும் ஆன்ட்டி. அதுவும் ஆபத்துதான்.”

மாத்திரையும் குறைந்து, டீயும் நின்றால் ரத்தம் கட்டிவிடாதா?

“நான்தான் குடுத்தேன்” என்றேன். “கேமமைல். மூணு வாரமா. பூதானேன்னு நெனச்சேன்.”

பேனா நின்றது. “அதுதான் காரணமான்னு பாக்கணும். ஆனா இந்த மாத்திரையோட அது வேண்டவே வேண்டாம்.” எழுதியதை அடித்தாள். அன்றே வார்டில் படுக்க வைத்தார்கள்.

கட்டிலருகே உட்கார்ந்ததும் பயமெல்லாம் கோபமாக வந்தது. “ரத்தம் வருதுன்னு ஏன் சொல்லல? தூக்கம் வருதேன்னு உசிரையா குடுப்பீங்க?”

“தூக்கமா?” என்றார். “அது ஒரு நாளும் வரல. நீ எட்டிப் பாப்பேன்னு கண்ண மூடிப் படுத்திருந்தேன்.”