ஒற்றைக் கதிரை

இது உண்மையில் நடந்தது. பட்டப்பகலில், கெலிஓயாவில், எங்கள் பக்கத்து வீட்டில் நடந்தது. நம்பாதவர்கள் கிருஷாந்தனையே போய்க் கேளுங்கள். இப்போது அவன் யாரையும் எடுத்தெறிந்து பேசுவதில்லை.

அப்போது பேசினான். கண்டியில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை. புரொஜெக்ட் மேனேஜ்மென்ட் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தான். மூன்றாவதும் போனால் மேனேஜர் பதவி அவனுக்குக் கீழே வேலை பார்த்த சுகிர்தாவுக்கு. அந்த வயிற்றெரிச்சலில் படிக்கிறேன் என்று வீட்டையே ஆட்டிப் படைத்தான். குக்கர் விசில் அடிக்கக் கூடாது. யாரும் இருமக் கூடாது. மனைவி தர்ஷிகாவிடம் தேநீர் கேட்டால்கூட அதற்கொரு டெட்லைன் சொல்வான். இவனெல்லாம் ஒரு ஆள்!

மாமனார் ராஜலிங்கம் கலஹாவில் தேயிலை ஃபெக்டரியில் உழைத்து ஓய்ந்தவர். எப்போதும் வாயில் வெற்றிலை. கடைசிக் காலத்தில் மகள் வீட்டு முன்னறையில் இருந்தார். மருமகன் உள்ளே வந்தால் எழுந்துவிடுவார். தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்பதுபோல், சுவரோரமாகக் கைகட்டி நிற்பார். உட்காருங்கள் என்று ஒரு நாளாவது இவன் வாயில் வந்ததா? வரவில்லை. அந்த அறையிலேயே செத்தும் போனார்.

அவருடைய முதல் திதியும் இவனுடைய பரீட்சையும் ஒரே நாளில் வந்தன.

“மாப்புள, அவரு இருந்த ரூம்லதான் படைக்கணும்” என்றார் மாமியார் அழகம்மா. “இலை போட்டுக் கதவச் சாத்திட்டு நாம வெளிய வந்திரணும். அவரு வந்து சாப்புடுவாரு. கொஞ்ச நேரந்தான்.”

“செத்தவருக்கு என்ன அவசரம்? குசினில, அடுப்புப் பக்கமாப் படைங்க.”

வீட்டிலிருந்தே கணினியில் எழுதும் பரீட்சை அது. கேமரா வழியாக யாரோ பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. பாதியில் எழுந்தாலும் பரீட்சை போச்சு. முன்னறையில் மாட்டியிருந்த மாமனாரின் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் கவிழ்த்துப் போட்டான். தான் உட்கார ஒரேயொரு கதிரையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெளியே தள்ளினான். கதவைச் சாத்தினான்.

படையலுக்குச் சாத்துகிற அதே அறை. இவன் மட்டும் வெளியே வரவில்லை.

காலை பத்து மணி. நல்ல வெயில்.

முதல் கேள்விகள் சுலபமாகப் போயின. பிறகு... வெற்றிலை வாசம்.

அந்த வீட்டில் இப்போது யாரும் வெற்றிலை போடுவதில்லை.

திரையில் செய்தி வந்தது. ‘உங்களுக்குப் பின்னால் நிற்பவரை வெளியே அனுப்புங்கள்.’

திரும்பிப் பார்த்தான். சுவர்தான்.

யாருமில்லை என்று தட்டினான்.

சர்ர்ர்... கதிரையின் கால் தரையில் இழுபட்டது. அவன் அசையவே இல்லை.

‘அவர் உங்கள் கதிரையில் கை வைத்திருக்கிறார்.’

பிடரியில் மூச்சு...

‘நீங்கள் எழுந்துவிட்டீர்கள். பரீட்சை முடிக்கப்படுகிறது.’

எழுந்தானா? இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்தபடி உட்கார்ந்துதான் இருந்தான்.

திரை கறுத்தது.

அலறிக்கொண்டு வெளியே வந்து விழுந்தவனுக்கு, மறுநாளே பழைய திமிர் திரும்பிவிட்டது. பரீட்சை நடத்துகிற நிறுவனத்துக்கு அழைத்துச் சண்டை பிடித்தான். தமிழ் பேசுகிற பெண் ஒருத்தி கிடைத்தாள்.

“நான் எந்திரிக்கவே இல்ல. வீடியோவப் போட்டுப் பாருங்க!”

அவள் பார்த்தாள். மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள்.

“கதிரைல வயசான ஒருத்தர் உக்காந்திருக்காரு, சார். வெத்தல மெல்றாரு.”

“அப்ப... நான்?”

“நீங்க சுவரோரமா நிக்கிறீங்க. கை கட்டிக்கிட்டு.”