கண்ணை மூடிச் சுட்டவன்

ஒஸ்லோவில் என்னோடு வேலை செய்த நோர்வேஜியர்களுக்கு, இலங்கைத் தமிழன் என்றால் துப்பாக்கியோடு பிறந்தவன். அந்த மரியாதையைக் கெடுக்க மனமில்லாமல், அவர்களில் ஒருவர் அழைத்ததும் கைத்துப்பாக்கிக் கழகத்தின் ஆரம்ப வகுப்பில் சேர்ந்தேன். ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் முதலில் கட்டிலுக்கடியில் புகுந்தவன் நான் என்பதை எவருக்கும் சொல்லவில்லை.

பயிற்சி தந்த பெண்மணி, “உங்களுக்குப் பழக்கம்தானே?” என்று கேட்டார். தலையாட்டிவிட்டு, சினிமாக் கதாநாயகனைப் போல ஒற்றைக் கையால் துப்பாக்கியை நீட்டினேன். அவர் என் இடது கையை எடுத்து வலது கை விரல்களின் மேல் சுற்றிவைத்தார். இரண்டு பெருவிரல்களும் ஒரே பக்கத்தில் முன்னோக்கி இருக்கவேண்டும். பின்னால் வைத்தால், சுடும்போது துப்பாக்கியின் மேற்பாகம் பின்னுக்கு வந்து விரலை வெட்டிவிடும் என்றார்.

“விசையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெல்ல அழுத்துங்கள்.”

ஐந்து தரம் சுட்டேன். என் இலக்குத் தாளில் ஒரு துளைகூட இல்லை. பக்கத்தில் ஐந்தே குண்டுகள் சுட்ட ஓய்வுபெற்ற ஆசிரியையின் தாளில் ஆறு துளைகள் இருந்தன. அவர் திரும்பி எனக்கு நன்றி சொன்னார்.

“கண்ணை மூடிக்கொண்டு சுட்டீர்கள்,” என்றார் பயிற்சியாளர்.

புருசெத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மனைவி, “என்னப்பா, எப்பிடிப் போச்சுது?” என்று கேட்டாள்.

“அங்கை ஒரு மனிசிக்கும் சேத்து அடிச்சுக் குடுத்திட்டு வந்தனான்,” என்றேன்.