மயில்களோடு அண்ணை செய்த போர்

உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறேன் என்று சொன்னால் கோப்பாயிலே பலருக்கும் சிரிப்பு வரும். "அதை வைச்சு என்ன செய்யிறது ரீச்சர்?" என்று பஸ்சுக்குள்ளே ஒருவர் கேட்டார். நான் கொஞ்சம் கோபக்காரி. "நீங்கள் என்னை வைச்சு என்ன செய்யிறது எண்டு கேக்காமல் விட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அந்தப் பாடத்திலே எனக்கு மிகவும் பிடித்தது வீரகாவியம் அல்ல, வீரகாவியத்தைக் கேலி செய்கிற பாட்டு. பழைய கிரேக்கர் ஒரு பக்கம் வீரர்களைத் தூக்கி வைத்துப் பாடினார்கள். மறு பக்கம் அதே சந்தத்தை, அதே அடைமொழிகளை, அதே நீண்ட உவமைகளை எடுத்து அற்பச் சண்டைகளுக்குப் போட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலைமகளைக் கூப்பிடுவார்கள். வீரன் ஒவ்வொரு ஆயுதமாகத் தரிப்பதை ஆற அமரச் சொல்லுவார்கள். அப்பன் யார், பாட்டன் யார் என்று குலமுறை வரும். மேலே தேவர்கள் கட்சி பிரிந்து நிற்பார்கள். கீழே பார்த்தால் சண்டை ஒரு வாய்ச் சாப்பாட்டுக்காக இருக்கும்! வீரப் பாட்டுகளை ஒலிபெருக்கியிலே கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பாட்டுகள் முடிகிற இடத்திலே எப்போதும் யாரோ ஒரு தாய் அழுதுகொண்டிருந்தாள். அதனாலோ என்னவோ, ஒருவரும் சாகாத போர் என்றால் எனக்கு உயிர்.

அப்படி ஒரு போரை என்ரை சொந்த அண்ணையே புத்தூரிலே நடத்திக்கொண்டிருந்தார்.

அண்ணை தோட்டக்காரர். வீட்டுக்குப் பின்னாலே செம்மண் தோட்டம்; ஒரு பக்கம் கச்சான் என்கிற நிலக்கடலை, மறு பக்கம் மிளகாய்க் கன்று. மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, நோய் வருத்தத்திலே படுக்கையாய்க் கிடந்து இரண்டு வருடத்துக்கு முன்னர் போய்விட்டா. ஒரே மகள் பிரான்சிலே. மச்சாள் போன பிறகு அண்ணை கதைப்பது குறைந்துவிட்டது. கேட்டால் ஓம் என்பார், இல்லை என்பார், அவ்வளவுதான். இந்த மனுசன் இப்படியே படுத்துவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். படுக்க விடாமல் அவரை விடிய எழுப்பியவை மயில்கள்.

எங்கடை சின்ன வயதிலே மயிலைக் கோயில் சுவரிலேதான் பார்த்தோம். இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் மயில். கூட்டமாக வந்து கச்சானைக் கிளறும், மிளகாய்க் கன்றை முறிக்கும். எலி என்றால் பொறி வைக்கலாம், மாடு என்றால் அடித்துக் கலைக்கலாம். மயிலை என்ன செய்வது? அது முருகனுடைய வாகனம். ஒரு கல்லெறிந்து அதன் காலிலே பட்டால் அண்ணைக்கு ஏழு பிறப்புக்கும் நித்திரை வராது. ஆகவே கல் இல்லை, தடி இல்லை. தகரத்தைத் தட்டுவார், கத்துவார், கையை வீசிக்கொண்டு வரம்புக்கு வரம்பு பாய்வார், வழுக்குவார், விழுவார். மயில்கள் நாலடி தள்ளிப் போய் நின்று கழுத்தைச் சரித்துப் பார்க்கும்.

பள்ளிக்கூட விடுமுறையிலே ஒரு நாள் அங்கே தங்கியபோது யன்னலாலே இதை முழுவதும் பார்த்தேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது. அட, தேவரே எதிரிப் பக்கம் நிற்கிற போர்! இதைவிட என்ன வேண்டும்? கோப்பாய்க்குத் திரும்பிய உடனே எழுதுகிற கொப்பியை எடுத்தேன். வகுப்புக்கு உதாரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சொல்லாய் கலைமகளே, புத்தூர்ச் செம்மண்ணில்
பல்லுத் துலக்காமல் பாய்ந்த பெருவீரன்
எண்ணெய்த் தகரம் இடக்கையில் ஏந்திப்
பின்னால் அவிழ்சாரம் பிடித்தோடி வந்தகதை.

இப்படி நாற்பது அடி. ஆயுதம் தரிக்கிற பகுதியிலே இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டுவதற்கு மட்டும் ஆறு அடி. சிங்கம் போலப் பாய்ந்தான் என்று எழுதவேண்டிய இடத்திலே, கிணற்றடிப் பாசியிலே கால் வைத்தவர் விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் கையை வீசுவது போல என்று எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக வந்திருந்தது. வகுப்பிலே வாசித்தேன், சிரிப்பிலே கூரை பறந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் புகழ் கேட்ட நாக்கு சும்மா கிடக்குமா? எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

கனடாவிலே இருக்கிற ஒரு மாமா அதைக் கூத்துக்காரர் மாதிரி இழுத்துப் பாடிக் குரல் பதிவாக அனுப்பினார். அது ஊர் ஊராகச் சுற்றி இரண்டு நாளிலே புத்தூருக்கே வந்து சேர்ந்தது. அண்ணை தேத்தண்ணி குடிக்கப் போன கடையிலே ஒருவர் எழும்பி நின்று, "வாரும் பெருவீரரே, தகரம் எங்கை?" என்றாராம். கடை முழுக்கச் சிரித்ததாம். கெட்ட எண்ணத்திலே யாரும் சொல்லவில்லை. அண்ணை பிளேன்ரீயை அரைவாசியிலே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

இது எனக்கு ஒரு கிழமை கழித்துத்தான் தெரிந்தது. அண்ணையின் பக்கத்துத் தோட்டக்காரி தொலைபேசி எடுத்தா.

"ரீச்சர், உங்கடை அண்ணை வெளியிலை வாறேல்லை. கச்சான் முழுக்க மயில் கிளறிப்போட்டுது. கூப்பிட்டால், திண்டிட்டுப் போகட்டும் எண்டு உள்ளுக்கிருந்து சொல்லுறார். சாப்பிடுறாரோ தெரியாது."

அந்த மனுசனை எழுப்பி நடக்க வைத்தது அந்த மயில் போர் ஒன்றுதான். அதையும் நான் பகிடியாக்கி, சந்தம் போட்டு, அடைமொழி வைத்து ஊருக்கு விற்றுவிட்டேன். விசரி, விசரி என்று என்னையே திட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அண்ணை கட்டிலிலே இருந்தார். முகம் வழிக்காமல் தாடி முளைத்திருந்தது. நான் கொண்டுபோன சாப்பாட்டை அவருக்கு முன்னாலே வைத்துவிட்டு அழத் தொடங்கிவிட்டேன்.

"அண்ணை, நான் பகிடிக்குத்தான் எழுதினனான். மனசிலை வைச்சிருக்காதேங்கோ. உங்களை இளக்காரமாய் நினைச்சு எழுதேல்லை."

"பகிடி நல்லாத்தானே இருக்கு பிள்ளை," என்றார். "சாரம் அவிழுற இடத்திலை எனக்கே சிரிப்பு வந்தது."

"அப்ப ஏன் தோட்டத்துக்கு இறங்கேல்லை?"

அண்ணை என்னைப் பாராமல் சொன்னார்.

"உன்ரை மச்சாள் கடைசி மாசங்களிலை இந்த யன்னலடியிலைதானே கிடந்தவ. கஞ்சியும் இறங்கேல்லை. ஒரு நாள் மயிலைக் கலைக்கப் போய் வரம்பிலை வழுக்கி விழுந்திட்டன். திரும்பிப் பாத்தால் அவ சிரிக்கிறா. நாலு மாசமாச் சிரிக்காத மனுசி, பிள்ளை. அடுத்த நாள் வேணுமெண்டே வழுக்கினன். அதுக்கடுத்த நாளும்."

நான் அந்த யன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவ போனாப் பிறகும் என்னாலை விடமுடியேல்லை. யன்னல் அங்கைதானே கிடக்கு. ஓடேக்கை அவ பாக்கிறமாதிரி இருக்கும். இப்ப அந்தக் கடையிலை எல்லாரும் சிரிக்கிறாங்கள். அது அவவின்ரை சிரிப்பெல்லோ? அதை நீ ஊருக்குக் குடுத்திட்டாய்."

குரலிலே கோபம் இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். பாட்டிலே நான் அண்ணையின் அப்பன் பாட்டன் எல்லாரையும் சேர்த்திருந்தேன், முருகனைச் சேர்த்திருந்தேன், சாரத்தின் கரையைக்கூடச் சேர்த்திருந்தேன். மச்சாள் ஒரு அடியிலும் இல்லை. இவ்வளவு காவியம் படிப்பித்தவளுக்கு, இந்த மனுசன் யாருக்காக ஓடுகிறார் என்று ஒரு தரம் கேட்கத் தோன்றவில்லையே! அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. அன்றைக்கு நான் கோப்பாய்க்குத் திரும்பவில்லை.

விடிய மயில்களின் சத்தம் கேட்டது. அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் அடுப்படிக்குப் போய்க் குசினிக் கதவைத் திறந்து தோட்டத்துக்கு இறங்கினேன். ஐம்பத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் வாதம், உடம்பிலே வீட்டுச் சட்டை. ஏழெட்டு மயில்கள் கச்சானுக்குள்ளே நின்றன. "போ, போ!" என்று கத்தினேன். அவை அசையவில்லை. கையை வீசிக்கொண்டு ஓடினேன். நடிக்கவேண்டும் என்றுதான் ஓடினேன், ஆனால் மூன்றாம் வரம்பிலே கால் உண்மையாகவே சறுக்கி, ஈரச் செம்மண்ணிலே தொப்பென்று விழுந்தேன். மயில் ஒன்று கிட்ட வந்து என்னைப் பார்த்தது.

வீட்டுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. அண்ணைக்கு இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அண்ணை யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணாலே தண்ணி ஓட ஓடச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு எந்த இடத்திலே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் எழும்பாமல் அப்படியே இருந்தேன்.

"அசையாதை பிள்ளை, கால் சுளுக்கியிருக்கும்," என்றார். "பொறு, நான் வாறன்."

குசினிக் கதவு திறந்தது. அண்ணை தோட்டத்துக்கு இறங்கி வந்தார்.