வட்ட ஓட்டை, கிழிந்த ஓட்டை

சுழல்காற்றுக்குள் போய் அதன் வேகத்தை அளந்து வர யாராலும் முடியாது. அது உடைத்துப் போட்டதை வைத்துத்தான் சொல்கிறோம், அதனால் இந்தத் தொழிலில் பொய் சொல்ல எல்லாருக்கும் வசதி. பூனாவில் ஷெட்டுகளுக்குத் தகரக் கூரை போட்டுக்கொண்டிருந்தவன் நான். கசார்வாடிப் பட்டறை முதலாளி ஒருவர், நான் போட்ட கூரை ஒழுகுகிறது என்று ஊரெல்லாம் சொல்லி என் பெயரைக் கெடுத்தார். வேலை நின்றது. இப்போது காற்றுச் சேதம் அளக்கும் கோயம்புத்தூர் இன்ஜினியர் அம்மாவுக்கு டேப் பிடிக்கிறேன். யாரையும் நம்பாமல் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இது புரியும்.

சுவரோரத் தகரம்

ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலை. எல்லாம் ஒரே பக்கம் விழுந்து கிடந்தால் நேர்க்காற்று, தாறுமாறாகக் கிடந்தால் சுழல். நாங்கள் போனபோது பறந்த தகரமெல்லாம் சுவரோரம் அழகாக அடுக்கியிருந்தது. வாசலில் ரங்கோலி வேறு! எதை மறைக்கிறீர்கள் என்று கேட்டேன். சூப்பர்வைசருக்கு முகம் வாடிவிட்டது. மராத்தியில் சித்தப்பா முறை சொல்லித்தான் பேசினார்.

"பெரியவங்க வர்ற இடத்தைக் குப்பையாவா வைப்போம், காகா?"

மாடி மீட்டர்

விமான் நகர் ஆபீஸ் மாடியில், கிண்ணங்கள் சுற்றும் காற்று மீட்டர் இருந்தது. காற்று உச்சத்துக்குப் போன நேரத்தில் மட்டும் பதிவு இல்லை. யார் நிறுத்தியது என்று வாட்ச்மேனை நெருக்கினேன். அவர் உள்ளே போய் நசுங்கிய கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"காத்துதான் தூக்கிட்டுப் போச்சு. அதைப் போய் முறைங்க, மாமா."

மூன்று ஓட்டை

கடைசியில் கசார்வாடி. அதே பட்டறை, நான் போட்ட அதே கூரை, பறந்து கிடந்தது. போல்ட் இருந்த இடத்தில் தகரம் கிழிந்திருந்தால் காற்று பலம், என் வேலை சுத்தம். ஓட்டை வட்டமாகவே இருந்தால் அங்கே போல்ட் இல்லை. சாதாரணக் காற்றே போதும்.

முதலாளி தள்ளியே நின்றார். போல்ட்டைக் கழற்றி வைத்திருப்பார் என்று ஒவ்வொரு ஓட்டையாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் கிழிசல். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூலைத் தகரத்தில் மட்டும் மூன்று வட்டம். வாஷர் அழுந்திய தடம்கூட இல்லை, அங்கே போல்ட் ஏறியதே இல்லை. கூரை போட்ட அன்றைக்கு மழை வந்தது, நாளைக்குப் போடலாம் என்று நான் இறங்கியது, எல்லாம் ஞாபகம் வந்தது.

"என்னன்னு எழுதட்டுங்க, ஐயா?" என்றார் இன்ஜினியர் அம்மா.

"மூணு வட்டம்னு எழுதுங்கம்மா."

முதலாளி அப்போதுதான் பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"மழை பெஞ்சா அந்த மூலையிலதான் பக்கெட் வைப்பேன், மிஸ்திரி."

காற்று எவ்வளவு வேகம் என்று யார் சொன்னாலும் நான் இன்றைக்கும் நம்புவதில்லை, நானே சொன்னாலும்.