ருக்கையா மதினி பிடித்த கயிறு

என் அண்ணன் மனைவி ருக்கையா மதினிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சிங்கப்பூரில் நாங்கள் சேர்ந்திருக்கும் உட்லண்ட்ஸ் வீட்டில் மீன் கழுவும்போதும் கைப்பேசி பக்கத்தில் இருக்க வேண்டும். அதன் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அதுதான் மகள் யும்னா. பொங்கோலில் தனி அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புள்ளி அசைந்தால் இவர் போன் போடுவார், அசையாவிட்டாலும் போடுவார்.

“நாயைக் கட்டிப்போட்ட மாதிரி பிள்ளையை வச்சிருக்கீங்க மதினி,” என்றேன்.

“நீ பெத்துப் பாரு மைமூன், அப்புறம் பேசு.”

எனக்குப் பிள்ளை இல்லை. வெங்காயம் நறுக்கப் போனேன். ஆத்திரம்தான் அடங்கவில்லை.

போன வாரம் யும்னா கறாராகச் சொல்லிவிட்டாள். “உம்மா, தினம் ஆறு மணிக்கு ஒரே கால். மேல கூப்பிட்டீங்க, லொகேஷனை ஆஃப் பண்ணிடுவேன். சீரியஸ் லா.” அந்தப் புள்ளியும் போய்விட்டால் என்ன செய்வது? மதினி ஒத்துக்கொண்டார். தினமும் ஐந்து மணிக்கே கடிகாரத்தை முறைக்க ஆரம்பித்துவிடுவார்.

நேற்று சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கக் கீழே போனோம். மதினியின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே பக்கத்து வீட்டு எட்மண்ட் அண்ணன் தலைசுற்றி விழுந்து கிடந்தார், பக்கத்தில் அவருடைய நாய். ஆம்புலன்ஸ் வந்தது. நாயை ஏற்ற மாட்டார்களாம்.

“தங்கச்சி, ஜெனிவீவ் வர்ற வரைக்கும் இவனைப் பிடிச்சுக்கம்மா,” என்று மகள் பெயரைச் சொல்லிக் கயிற்றை நீட்டினார். நாயின் எச்சில் படுவது எங்கள் மார்க்கத்தில் அசுத்தம்; நான் கல்பெஞ்சின் மேல் ஏறிவிட்டேன். மதினி வாங்கிக்கொண்டார்.

வண்டி போன பக்கம் பார்த்து நாய் இழு இழு என்று இழுத்தது. மதினி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அது ஓய்ந்து, அவர் கையை நக்கியது.

“பாவம் மைமூன், என்னை மாதிரியே போனவங்க வழியைப் பார்த்துட்டு நிக்குது,” என்றார். கண் கலங்கியிருந்தது.

ஆறு மணி எப்போதோ தாண்டிவிட்டது. டாக்ஸியிலிருந்து குதித்து ஓடி வந்தது ஜெனிவீவ் இல்லை, யும்னா.

“ஏன்மா கூப்பிடலை? எத்தனை தடவை போன் பண்றது? உயிரே போயிடுச்சு!”

“கிட்ட வராதே! நாய் நக்கிடுச்சு, ஏழு தண்ணி ஊத்திக் கழுவணும்!”

“நானும் கழுவிக்கிறேன்,” என்று யும்னா, அந்த ஈரக் கையோடு நின்ற உம்மாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

ஜெனிவீவ் வந்து நாயைக் கூட்டிப்போனதும் மேலே வீட்டுக்குப் போனோம். மார்க்கப்படி ஏழில் ஒரு தண்ணியில் மண் கலக்க வேண்டும். என் ரோஜாத் தொட்டியிலிருந்து நான்தான் அள்ளிக் கொடுத்தேன், இரண்டு பேருக்கும்.